தராசும் கைரேகையும்



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, விடுதி நாட்களைப் பற்றித்தான் முதலில் எழுத நினைத்தேன். மெஸ் சாம்பார், இரண்டாம் ஆட்டம் சினிமா, தேர்வுக்கு முதல்நாள் படிப்பு... இவற்றையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். நான் வரலாறு படித்தவன். ஆகவே என் பங்குக்கு வரலாறே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பயந்துவிடாதீர்கள்! போர்களும் பட்டாபிஷேகங்களும் இதில் வரமாட்டா.

எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா, கோட்டை கட்டின ராஜா பேரு எல்லாருக்கும் தெரியுது. பஞ்சத்துல கஞ்சி ஊத்தினாங்களே, அந்தக் கஞ்சிக் கணக்கை யாரு பார்த்தா? அதை எவனாவது படிச்சீங்களா?" நாங்கள் சிரித்தோம். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன், "சமையக்காரன் பார்த்திருப்பான் சார்" என்றான். வகுப்பே கலகலத்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி சில வருஷங்கள் கழித்து என்னைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

என் ஊர் தொண்டி. தொண்டி என்றதும் படித்தவர்கள் பழைய துறைமுகப் பெருமையைப் பேசுவார்கள். இன்றைய தொண்டி, திருவாடானை வட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டிய ஒரு பேரூராட்சி. ஒரு பக்கம் வலையும் படகும்; மறுபக்கம் கண்மாய்த் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் நம்பிய வயல்கள். திருவாடானை வட்டத்தை மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். மழை ஏமாற்றினால் களஞ்சியக்காரனும் ரேஷன் கடை வரிசைக்கு வந்துவிடுவான். கடலுக்குப் போக முடியாத நாளில் மீன்பிடிப்பவரும் அங்கேதான் நிற்பார். ஆகவே ஏழைக்குக் கொடுக்கும் கையையும், அந்தக் கையைக் கண்காணிக்கும் கண்ணையும் பற்றி எழுத எங்கள் ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

சேது வழிச் சத்திரங்கள்

தஞ்சைப் பக்கத்திலிருந்து இராமேசுவரத்துக்கு யாத்திரை போனவர்கள் அந்தக் காலத்தில் கடலோரமாக மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று நடந்து போவார்கள். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்கச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802-ல் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரிய ஒன்று. சத்திரம் கட்டினால் போதுமா? அடுப்பு எரிய வேண்டாமா? அதற்காக ஊர்களையும் நிலங்களையும் மானியமாக எழுதி வைத்தார்கள்.

மானியம் என்று ஒன்று வந்தால் அதைத் தின்பவனும் வந்துவிடுவானே! நிலத்தின் வருமானம் அடுப்புக்குப் போகாமல் நிர்வாகியின் வீட்டுக்குப் போன இடங்கள் உண்டு. இதைக் காரணமாகக் காட்டித்தான் சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன் என்ற சட்டம் வந்தது. கோயில்கள், மசூதிகள், கல்விச்சாலைகள், சத்திரங்கள், பாலங்கள் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானியங்கள் அந்தந்த நோக்கத்துக்கே செலவாகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை அது ரெவினியூ போர்டிடம் கொடுத்தது. பிற்பாடு 1863-ல் வந்த சட்டம் ஒன்றால் அரசு, சமய நிறுவனங்களின் மேற்பார்வையிலிருந்து விலகிக்கொண்டது. சத்திரங்கள் பலவும் காலப்போக்கில் உள்ளாட்சி போர்டுகளின் கைக்குப் போயின.

கம்பெனி அரசு தரும சிந்தனையால் மட்டும் இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்ட வழிப்போக்கனைக் கூப்பிட்டு "சோறு எப்படி?" என்று யாரும் கேட்டதாகவும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தின் கண், கொடுப்பவரின் மேல் இருந்தது. "மானியம் எங்கே போச்சு?" என்பதே அதன் கேள்வி. சரியாக அறுபது வருஷத்தில் அந்தக் கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

தாது வருஷத்துப் பஞ்சம்

எங்கள் பாட்டி தலைமுறையினர் "தாது வருஷத்துப் பஞ்சம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் அது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது பலருடைய மதிப்பீடு. இராமநாதபுரம் ஜமீன் அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. வாரிசான பாஸ்கர சேதுபதி சிறுவராக இருந்ததால் ஜமீன் நிர்வாகம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் கையில் இருந்தது. இந்தப் பக்கத்து மக்கள் பலர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

சென்னை அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. செலவு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த இந்திய அரசு, அதைச் சோதிக்க 1877 ஜனவரியில் ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவருடைய முன்கதை சுவாரஸ்யமானது. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து மக்களைக் காப்பாற்றினார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்குப் பாராட்டா கிடைத்தது? "காசை வாரி இறைத்துவிட்டார்" என்று ஏச்சுத்தான் கிடைத்தது. சூடு கண்ட பூனையாகத்தான் அவர் சென்னைக்கு வந்தார்.

வந்தவர், நிவாரண வேலைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் தேவையில்லாமல் வந்தவர்கள் என்று முடிவு கட்டினார். ஆட்களைக் கழித்தார். ஓர் ஆளின் கூலியை, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறைக் காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் சுமார் 450 கிராம். மண்வெட்டி பிடித்துக் கல் சுமக்கும் மனிதனுக்கு அதுதான் நாள் முழுவதற்குமான தெம்பு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், "இது போதாது, ஒன்றரை பவுண்டாவது வேண்டும்" என்று வாதாடினார். நிவாரண முகாம்களில் இருந்தவர்களின் உடல்நிலையையும் சாவுக் கணக்கையும் காட்டினார். கடைசியில் அதே 1877-ல் கூலியை மீண்டும் கூட்ட வேண்டி வந்தது. இடையில் போன உயிர்கள் போனவைதான்.

நண்பர்களே, டெம்பிளும் ஒரு மேற்பார்வையாளர், கார்னிஷும் ஒரு மேற்பார்வையாளர். இருவர் கையிலும் கணக்கு இருந்தது. டெம்பிளின் கணக்கில் இருந்த கேள்வி, "வாங்க வந்தவன் யோக்கியமானவனா?" கார்னிஷின் கணக்கில் இருந்த கேள்வி, "நாம் கொடுத்தது போதுமா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் எத்தனை உயிர்கள்!

பின்னர் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பயனாக 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. வேலை செய்ய இயலாதவர்களை அதிகாரிகள் கிராமம் கிராமமாகத் தேடிப் பட்டியல் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இடம்பெற்றது. பசித்தவன் வரட்டும், சோதிப்போம் என்பதிலிருந்து, பசித்தவனைத் தேடிப் போவோம் என்பது வரை ஒரு அடி முன்னே வந்தோம்.

அட்டை வந்த கதை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்றது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். அதே ஆண்டில் சென்னை நகரில் உணவுப் பங்கீடு வந்தது. அட்டை, யூனிட், வரிசை என்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் நுழைந்தன. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் நடுவில் மறுபடி தட்டுப்பாடு. 1965-ல் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த ஊர் நம் தஞ்சாவூர். 1967-ல் "ரூபாய்க்கு ஒரு படி அரிசி" ஆட்சியையே மாற்றியது உங்களுக்குத் தெரியும். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ரேஷன் கடைகளைத் தனியாரிடம் விடாமல் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துவது நம் மாநில வழக்கமாயிற்று.

இந்தக் கதையில் நானும் ஒரு சின்னப் பாத்திரம். 1979-ல் பட்டம் வாங்கினேன். இரண்டு வருஷம் கழித்து அரசு வேலை. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். 1984-ல் போலி அட்டைகளைக் கண்டுபிடிக்கும் பணியில் என்னையும் சேர்த்தார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவோர் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. இதுதான் விதி. நானும் இளரத்தம். எத்தனை அட்டையை ரத்து செய்தேன் என்பதே என் திறமைக்கு அளவுகோல் என்று நம்பினேன்.

ஒரு கடற்கரைக் குப்பம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு விதவைத் தாய். பக்கத்திலேயே மகன் வீடு. இரண்டு பேருக்கும் தனித்தனி அட்டை. "தனியாத்தான் பொங்கித் திங்குறேன் ஐயா" என்றார். நான் குடிசைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பு ஜில்லென்று இருந்தது. சாம்பல்கூடப் புதிதாக இல்லை. "தனிச் சமையல் இல்லை" என்று எழுதி அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வாரம் அந்தப் பகுதிக் கடையையும் சோதித்தேன். இருப்புப் பதிவேடும் விற்பனைப் பதிவேடும் ஒரு கிலோகூடப் பிசகாமல் பொருந்தின. "நல்லா வச்சிருக்கீங்க" என்று விற்பனையாளரைப் பாராட்டிக் கையெழுத்துப் போட்டேன். தராசைத் தொடவில்லை. ஒரு சாக்கைத் தூக்கி நிறுத்துப் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து வேறொரு அலுவலர் போய்ப் பார்த்தபோதுதான் எடையில் ஒவ்வொருவருக்கும் குறைந்துகொண்டிருந்தது தெரிந்தது. பதிவேடு பொருந்தத்தானே செய்யும்? குறைந்தது ஏழையின் பையில் அல்லவா!

அந்தத் தாய் மேல்முறையீட்டு மனுவோடு அலுவலகத்துக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "அடுப்பு எரியலைன்னு அட்டையை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே தம்பி... அட்டை இருந்தாத்தானே அடுப்பு எரியும்?"

அன்றைக்கு நான் போனபோது அவர் வீட்டில் அரிசி இல்லை. அதனால் அடுப்பு மூட்டவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அட்டை திரும்பிக் கிடைக்க அவருக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. பேராசிரியரின் கஞ்சிக் கணக்குக் கேள்வி அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது. கஞ்சிக் கணக்கைப் பார்த்த அந்த ஆள் நானாகவே இருந்திருக்கிறேன். டெம்பிளின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன்!

கணக்கு வீதிக்கு வந்தது

நிற்க. என் கதையை விட்டு நாட்டின் கதைக்கு வருகிறேன். அரசு ஆவணத்தில் இருக்கும் கணக்கை, யார் பெயரில் அது எழுதப்பட்டிருக்கிறதோ அவர் முன்னால் உரக்கப் படித்தால் என்ன? இந்த எளிய யோசனை ராஜஸ்தானத்தில் பிறந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று அரசுப் பணிக் கணக்குகளில் இருந்ததெல்லாம் ஊர் நடுவில் வெளிவந்தது. பெரிய படிப்புப் படித்த ஆடிட்டர் கண்டுபிடிக்க முடியாததை, "இந்த வேலைக்கு நான் போகவே இல்லையே" என்று ஒரு கூலிக்காரர் எழுந்து நின்று சொன்னால் தீர்ந்தது!

தகவல் கேட்கும் உரிமைக்கு மாநிலச் சட்டம் கொண்டுவந்ததில் தமிழ்நாடு முதலிடம், ஆண்டு 1997. விதிவிலக்குகள் நிறைய இருந்ததால் அதில் பெரிய பலன் இல்லை. 2005-ல் மத்திய சட்டம் வந்த பிறகே சாதாரண மனிதர் பத்து ரூபாயில் கேள்வி கேட்க முடிந்தது. 2001-ல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களை மக்களின் உரிமையாகவே கருதி உத்தரவுகள் இட்டது. அவை நிறைவேறுகின்றனவா என்று பார்க்கத் தன் சார்பில் ஆணையர்களையும் நியமித்தது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கடைகளுக்குச் சமூகத் தணிக்கையும் கண்காணிப்புக் குழுக்களும் வேண்டும் என்று எழுதி வைத்தது. தமிழ்நாடு அச்சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தது.

இதற்கு நடுவே நம் மாநிலம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1997-ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து ரேஷன் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்து, எல்லாருக்குமான முறையை வைத்துக்கொண்டது. "பணக்காரனுக்கும் எதுக்குய்யா ரேஷன்?" என்று அப்போது நானே கேட்டிருக்கிறேன். அதற்கான பதிலை வரிசையில்தான் கண்டேன். எங்கள் ஊரில் வாத்தியாரும் வரிசையில் நிற்பார், கடை வைத்திருப்பவரும் நிற்பார், மீன் விற்கும் ஆத்தாவும் நிற்பார். அரிசியில் கல் இருந்தால் வாத்தியார் சத்தம் போடுவார். அவருடைய சத்தத்தில் ஆத்தாவுக்கும் நல்ல அரிசி கிடைக்கும். ஏழை மட்டும் நிற்கும் வரிசையில் சத்தம் எழும்புவது கஷ்டம்.

விரல் பேசும் காலம்

இப்போது காகித அட்டை போய்விட்டது. தமிழகத்தில் 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020-ல் கைரேகை வந்தது. கருவியில் விரலை வைத்தால்தான் பில். வேறொருவர் பெயரில் பொருள் எடுப்பதை இது குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் கயிறும் உப்புத் தண்ணீரும் தேய்த்த விரல்களை அந்தக் கருவிக்கு அவ்வளவு சுலபமாகப் புரிவதில்லை. என் அக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஆயுசு முழுக்க இறால் உரித்த கை. அவரோடு ஒருநாள் கடைக்குப் போயிருந்தேன். ஒரு விரல், இன்னொரு விரல், துணியால் துடைத்துவிட்டு மறுபடி... கடைக்காரப் பெண் பொறுமைசாலி. "வேற விரல் வைங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மருமகன் வந்து விரல் வைத்து அரிசி வாங்கினோம். "நான் யாருன்னு எனக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியுது. இந்தப் பெட்டிக்குத்தான் தெரியலை" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜில்லென்றிருந்த அந்த அடுப்புத்தான் கண்முன்னே வந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. கண்விழிப் பதிவு வந்தது. வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பில் போட்டதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் உடனே போய்க் கேட்கலாம். அதே 2025-ல் எடைத் தராசைப் பில் போடும் கருவியோடு இணைக்கும் வேலையும் நடந்தது. வைத்த எடை சரியாக இருந்தால்தான் பில் நகரும். இந்தச் செய்தியைப் படித்தபோது, நான் 1984-ல் தொடாமல் விட்ட தராசை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

ஆக, கருவி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வேண்டாம். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தால் போதும். வாங்குபவர் விரலைச் சோதிக்கும் கருவி, கொடுப்பவர் தராசையும் சோதித்தால் அது நியாயம். விரல் தோற்றால் அன்றைக்கே மாற்று வழி இருந்தால் அது நியாயம். 1817-ன் கண்ணும் 1880-ன் காலும் 1994-ன் குரலும் சேர்ந்தால்தான் முழு மேற்பார்வை.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் கரையோரக் கிராமங்களிலிருந்து வருகிறீர்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ரேஷன் கடைப் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். இருப்பு என்ன, விலை என்ன, புகார் எண் என்ன என்று பாருங்கள். பேரூராட்சிகளுக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு உண்டு. அங்கே போய் உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அவருடைய குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லுங்கள். அது ஒரு சின்னத் தணிக்கை. நாளை உங்களில் சிலர் அரசு அலுவலர்களாகி, கையில் பட்டியலோடு ஒரு வீட்டு வாசலில் நிற்பீர்கள். அடுப்பு அணைந்திருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அட்டை திரும்பிக் கிடைத்த அன்று அந்தத் தாய் எனக்கு ஒரு சின்னப் பொட்டலம் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றேன். "உங்க ஆத்தா கொடுத்தா வாங்கமாட்டீங்களா?" என்றார். வாங்கிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தணிக்கைக் குறிப்பு அதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!